உச்சியில் எத்தனை பேர் நிற்கலாம்?

பெயரடை, அதாவது ஒரு பொருளின் தன்மையை எடுத்துச் சொல்லும் சொல், ஆங்கிலத்தில் மூன்று படிகள் ஏறும் என்பது பள்ளிக்கூடத்தில் கால்வைத்த எவருக்கும் தெரிந்த செய்தி: ‘குட்’ என்பது இயல்புநிலை, ‘பெட்டர்’ என்பது ஒன்றோடு மற்றொன்றை நிறுத்துப் பார்க்கும் ஒப்புநிலை, ‘பெஸ்ட்’ என்பது இனி ஏறுவதற்கு இடமில்லை என்று அறிவிக்கும் உச்சநிலை. மூன்றாம் படியில் ஏறி நின்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் ஒருமையில் இருக்க வேண்டுமா, பன்மையில் இருக்க வேண்டுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். உச்சி என்றாலே ஒருவர்தானே நிற்க முடியும், இதில் ஆராய என்ன கிடக்கிறது என்று கேட்பவர் ஆங்கிலத்தின் தாராள மனத்தை அறியாதவர். அந்த மொழியின் உச்சியில் ஒருவரும் நிற்கலாம், ஒரு கூட்டமும் நிற்கலாம், கூட்டத்தின் நடுவே ஒருவர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டும் நிற்கலாம்.

முதல் இரண்டு வகைகளில் குழப்பம் அதிகம் இல்லை. ‘தி ஹையஸ்ட் மவுண்டன்’ என்றால் ஒரு மலை, அது 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட். ‘தி ஹையஸ்ட் மவுண்டன்ஸ்’ என்றால் ஒரு மலைக்கூட்டம், அதில் எவரெஸ்ட்டும் உண்டு, 8,611 மீட்டர் உயரமுள்ள கே-2 சிகரமும் உண்டு, இன்னும் எத்தனை சிகரங்கள் உண்டு என்பது பேசுகிறவரின் பெருந்தன்மையைப் பொறுத்தது. ஒருமை எல்லையைத் தானே கட்டிக்கொள்கிறது, பன்மையோ வேலியில்லாத நிலமாகக் கிடக்கிறது. இந்த வேறுபாட்டின் கொடுமையை நேரில் அனுபவித்தது காஞ்சன்ஜங்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகின் மிக உயர்ந்த மலை என்ற ஒருமைப் பட்டத்தை அது தனியாக ஆண்டுகொண்டிருந்தது. 1850களில் நில அளவைத் துறையின் கணக்குகள் எவரெஸ்ட்டுக்குச் சாதகமாக முடிந்ததும், மலை ஓர் அங்குலமும் குறையாத நிலையிலேயே, அதன் பட்டத்தின் கடைசியில் ஓர் எஸ் எழுத்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் பதவி இறக்கம் என்பது சில வேளைகளில் ஓர் எழுத்தைக் கூட்டுவதாலும் நிகழ்கிறது.

ஒருமை உச்சநிலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சான்று வேண்டுவோர் 1951 ஆம் ஆண்டு அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தில் நடந்த ஒரு பறவை வேட்டையை நினைத்துப் பார்க்கலாம். கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சர் ஹ்யூ பீவர் அந்த வேட்டையில் ‘கோல்டன் ப்ளோவர்’ என்ற பறவையைக் குறிபார்த்துத் தவறவிட்டார். தவறவிட்ட எந்த வேட்டைக்காரரும் செய்வதுபோலவே குற்றத்தைத் துப்பாக்கியின் மீது சுமத்தாமல் பறவையின் வேகத்தின் மீது சுமத்த முற்பட்டபோது, ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளுள் மிக வேகமானது அதுவா, ‘ரெட் க்ரவுஸ்’ என்ற வேறொரு பறவையா என்று விருந்தினர்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. வீட்டிலிருந்த புத்தகங்களைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. இத்தகைய வாக்குவாதங்கள் நாட்டின் மதுக்கூடங்களில் எல்லாம் நாள்தோறும் நடப்பவைதாமே என்று யோசித்த பீவர், நாரிஸ் மக்வர்ட்டர், ராஸ் மக்வர்ட்டர் என்ற இரட்டைச் சகோதரர்களைக் கொண்டு தொகுக்கச் செய்ததுதான் 1955 இல் வெளிவந்த கின்னஸ் சாதனைப் புத்தகம். இலக்கண நோக்கில் பார்த்தால் இத்தனைக்கும் காரணம் ஒரு பெயர்ச்சொல் ஒருமையில் நின்றதுதான். ‘மிக வேகமான பறவைகளுள் ஒன்று’ என்று அன்று யாராவது ஒருவர் பன்மையில் சொல்லியிருந்தால் இரு தரப்பாரும் தலையசைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். நீண்ட நகம் வளர்த்தோரும், பெரிய தோசை சுட்டோரும், இடைவிடாமல் பரதம் ஆடினோரும் சான்றிதழ் பெற வழியில்லாமல் போயிருக்கும்.

ஒருமை உச்சி இடமில்லாத இடம் என்று நினைத்தவர்களை 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் உயரம் தாண்டுதல் போட்டியும் திகைக்க வைத்தது. கத்தாரின் முத்தாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்க்கோ தம்பேரியும் 2.37 மீட்டரை ஒரே கணக்கில் தாண்டி, 2.39 மீட்டரில் இருவரும் மும்முறை தோற்று நின்றபோது, மேலும் தாண்டி ஒருமையை நிலைநாட்டலாமே என்று நடுவர் வழி சொல்ல, இரண்டு தங்கமாகத் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டு வாங்கிக்கொண்டார். உலகமே கைதட்டிய அந்த நிமிடத்தில் ‘தி பெஸ்ட் ஜம்பர்’ என்று தலைப்பைத் தயாராக வைத்திருந்த உதவியாசிரியர் எவரேனும் இருந்திருந்தால், அவர் மட்டும் எஸ் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

இனி மூன்றாம் வகைக்கு வரலாம். கட்டுரையின் பாரம் முழுவதும் இதன் மேல்தான். ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் புக்ஸ்’, அதாவது மிகச் சிறந்த நூல்களுள் ஒன்று என்ற இந்தத் தொடரில் மூன்று செயல்கள் அடுத்தடுத்து நடக்கின்றன: முதலில் சிறந்த நூல்கள் என்று ஒரு கூட்டம் கூட்டப்படுகிறது, பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்று வெளியே அழைக்கப்படுகிறது, கடைசியில் அதற்கு மாலை போடப்படுகிறது. கூட்டம் என்று ஒன்று இல்லாமல் அதிலிருந்து ஒன்றை அழைக்க முடியாது என்பதால் ‘புக்ஸ்’ பன்மையாகத்தான் இருந்தாக வேண்டும். அழைக்கப்பட்டது ஒன்றே என்பதால் வினை ‘இஸ்’ என்று ஒருமையில் முடிய வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனாலும் தமிழ்நாட்டின் நன்னடத்தைச் சான்றிதழ்களிலும் பரிந்துரைக் கடிதங்களிலும் ‘ஹி இஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்’ என்ற வாக்கியம் முத்திரையோடும் பச்சை மைக் கையொப்பத்தோடும் நடமாடுவதைக் காணலாம். மாணவனின் அறிவுக்குச் சான்று கூற வந்த வாக்கியம் கூறியவரின் இலக்கணத்துக்குச் சான்றாகிவிடுகிறது. மாணவன் தனியொருவனாக நிற்பதால் அவனோடு போட்டியிட வேறு மாணவரே அந்த வாக்கியத்தில் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்தப் பிழையைக் கண்டு சிரிப்பது எளிது. ஆயினும் அதன் குலம் கோத்திரத்தை விசாரித்தால் சிரிப்பு சற்று அடங்கும். தமிழ் இலக்கணத்தில் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று ஒரு வகை உண்டு. ஒருமையா பன்மையா என்பதைத் தன் முகத்தில் காட்டாமல் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் அஃறிணைச் சொல் அது. ‘மாடு மேய்ந்தது’ என்றால் ஒன்று, ‘மாடு மேய்ந்தன’ என்றால் பல. எண்ணிக்கையைச் சொல்லும் பொறுப்பை வினைச்சொல் ஏற்றுக்கொள்வதால் மாடு நிம்மதியாக மேய்கிறது. எண்ணுப்பெயர் முன்னால் வந்துவிட்டாலோ கவலையே இல்லை: பத்து மரம், நூறு தேங்காய், ஆயிரம் செங்கல் என்று கொடுக்கல் வாங்கல் முழுவதும் ‘கள்’ விகுதியைத் தொடாமலே நடந்துவிடும், பத்துக் கிலோமீட்டர் நடந்தவரை எவரும் பத்துக் கிலோமீட்டர்கள் நடந்ததாகச் சொல்லிக்கொள்ள வற்புறுத்துவதில்லை. பேச்சுவழக்கில் உச்சநிலையைச் சொல்லும் முறையும் இதே போக்கில்தான் அமைந்திருக்கிறது. ‘இருக்கிற கடையிலேயே இதுதான் நல்ல கடை’ என்று சொல்லும்போது, ஒப்பிடப்படும் கடைகள் நாற்பதாக இருந்தாலும் ‘கடையிலேயே’ என்ற ஒருமை வடிவம் அத்தனை கடைகளையும் தாங்கி நிற்கிறது. நாவில் இந்தப் பழக்கம் ஊறியவர் ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஷாப்’ என்று சொன்னால், அவர் ஆங்கிலத்தில் தவறியவரே ஒழிய, தொல்காப்பியருக்கும் நன்னூல் செய்த பவணந்தியாருக்கும் நல்ல பிள்ளை. சீனத்திலும் ஜப்பானிய மொழியிலும் பெயர்ச்சொல்லுக்குக் கட்டாயப் பன்மை விகுதி இல்லாததால் அந்நாட்டு மாணவர்களும் இதே எழுத்தைத் தொலைப்பது வழக்கம் என்பது ஓர் ஆறுதல்.

ஆனால் உயர்திணைக்கு இந்தச் சலுகை தமிழிலும் இல்லை. ‘மாணவனுள் ஒருவன்’ என்று யாரும் எழுதுவதில்லை; ‘மாணவர்களுள் ஒருவன்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆகவே கடைக்காக மன்னிக்கப்படுபவரை மாணவனுக்காக மன்னிக்க முடியாது என்பதே நடுநிலையான தீர்ப்பாகும்.

பிழைக்கு வேறொரு காரணமும் உண்டு, அது வகுப்பறையிலேயே விதைக்கப்படுவது. சிறு வகுப்பில் ‘ஒன் வந்தால் எஸ் வராது, டூ வந்தால் எஸ் வரும்’ என்று மனப்பாடமாகச் சொல்லித்தரப்பட்ட குழந்தை, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ‘ஒன் ஆஃப் தி’ என்ற தொடரைச் சந்திக்கும்போது, ‘ஒன்’ வந்துவிட்டதே என்று விசுவாசமாக எஸ் எழுத்தை வெட்டிவிடுகிறது. இடையில் ‘ஆஃப்’ என்ற சிறு சொல் நுழைந்து நிலைமையைத் தலைகீழாக்கிவிட்டதை யாரும் அதற்குத் தெரிவிக்கவில்லை. போதாக்குறைக்கு வாக்கியத்தின் முடிவில் ‘இஸ்’ வேறு வந்து நின்று, நீ செய்தது சரிதான் என்று தட்டிக்கொடுக்கிறது.

இந்தக் காயத்துக்கு மருந்தாகப் பள்ளிக்கூடம் வைத்திருப்பது ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ என்ற பயிற்சி; ஒரே கருத்தை மூன்று படிகளிலும் மாற்றி மாற்றி எழுதச் செய்யும் இந்தப் பயிற்சியை இந்தியத் துணைக்கண்டத்தின் பிள்ளைகள் பலருக்கும் அறிமுகப்படுத்தியது ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகம். 1930களில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான பி. சி. ரென், பிரெஞ்சு அயல்நாட்டுப் படையைப் பின்னணியாக வைத்து ‘போ ஜெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற சாகச நாவலை 1924 இல் எழுதியவர். பாலைவனக் கோட்டையில் முற்றுகையிடப்பட்ட வீரர்களின் திகிலை எழுதிய கை, பிற்காலத்தில் தேர்வுக்கூடத்தில் முற்றுகையிடப்படும் மாணவர்களின் திகிலுக்கும் வழிசெய்தது பொருத்தமே.

பயிற்சியின் வடிவத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். உச்சியில் ஒன்றே இருக்குமானால் வாக்கியங்கள் மூன்றும் ஒருமையில் ஓடும்: ‘நோ அதர் சிட்டி இஸ் ஆஸ் ஹாட் ஆஸ் வேலூர்’, ‘வேலூர் இஸ் ஹாட்டர் தேன் எனி அதர் சிட்டி’, ‘வேலூர் இஸ் தி ஹாட்டஸ்ட் சிட்டி’. உச்சியில் பலர் இருப்பார்களானால் மூன்றும் பன்மைக்கு மாறும்: ‘வெரி ஃப்யூ சிட்டீஸ் ஆர் ஆஸ் ஹாட் ஆஸ் சென்னை’, ‘சென்னை இஸ் ஹாட்டர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ்’, ‘சென்னை இஸ் ஒன் ஆஃப் தி ஹாட்டஸ்ட் சிட்டீஸ்’. முதல் வரிசையில் ஒரு நகரமும் இரண்டாம் வரிசையில் பல நகரங்களும் இருப்பதன் காரணம் விளங்கிவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் காரணத்தை விளக்கப் பாடவேளை போதாது என்பதால் ‘வெரி ஃப்யூ வந்தா ஒன் ஆஃப் தி போடு, நோ அதர் வந்தா வெறும் தி போடு’ என்ற சூத்திரமே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. நன்னூல் சூத்திரங்களை நினைவூட்டும் இந்தச் சுருக்கத்தைப் பாராட்டலாம், எஸ் எழுத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதைத் தவிர. பயிற்சியின் இன்னொரு கண்ணி ‘அதர்’ என்ற சொல். அதை மறந்துவிட்டு ‘தேன் எனி சிட்டி’ என்று எழுதினால், வேலூரும் ஒரு நகரம்தானே என்ற காரணத்தால், வேலூர் வேலூரைவிட வெப்பமானது என்று பொருள்படும். சித்திரை மாதத்தில் அந்த ஊரில் பேருந்துக்குக் காத்து நின்றவர்கள் இதை இலக்கணப் பிழையாக ஒப்புக்கொள்ளத் தயங்கக்கூடும்.

‘ஒன் ஆஃப் தி’ என்ற தொடர் உலகெங்கும் இவ்வளவு செல்வாக்குப் பெற்றிருப்பதற்குக் காரணம் இலக்கணம் மட்டும் அன்று, அதன் பின்னே உள்ள முன்னெச்சரிக்கையும்தான். ஒருமையில் உச்சம் பேசுகிறவர் ஆதாரம் காட்ட வேண்டும், பன்மையில் உச்சம் பேசுகிறவர் புன்னகை காட்டினால் போதும். உலகின் மிகப் பழைய மொழி தமிழ் என்று மேடையில் முழங்குபவர் அடுத்த நொடியே சுமேரியம், எகிப்தியம் என்று பட்டியலோடு எழுந்து நிற்பவரைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. மிகப் பழைய மொழிகளுள் ஒன்று என்பவரை எவரும் எழுந்து நின்று கேட்பதில்லை, உண்மையும் அவர் பக்கமே இருக்கிறது, ஆனால் கைதட்டல் முன்னவருக்குத்தான். விளம்பர உலகம் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனம் 1970களிலிருந்து பிரிட்டனில் தன் பீரை ‘அநேகமாக உலகின் மிகச் சிறந்த லாகர்’ என்று விளம்பரம் செய்தது. பன்மைக்குள் பதுங்காமல், ஒருமையின் மிடுக்கையும் விடாமல், ‘அநேகமாக’ என்ற ஒரே சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்ட உத்தி அது. 2019 இல் அதே நிறுவனம் பழைய பீர் ‘அநேகமாக அப்படி இல்லை’ என்று தானே விளம்பரம் செய்து, புதிய செய்முறைக்கு மாறியதை அறிவித்தது. உச்சநிலையைத் தானாக முன்வந்து ராஜினாமா செய்த நிகழ்ச்சி வணிக வரலாற்றில் அரிது.

பாராட்டுரைகளில் இன்னும் துணிந்தவர்கள் ஒருமை பன்மை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுவார்கள். ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட், இஃப் நாட் தி பெஸ்ட்’ என்று, அதாவது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று, ஏன், இதுவே மிகச் சிறந்தது என்றுகூடச் சொல்லலாம் என்று கம்பீரமாகத் தொடங்குகிறவர், அடுத்து வர வேண்டியது ‘நாவலா’, ‘நாவல்ஸா’ என்ற இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்: முன்பாதி பன்மையைக் கேட்கிறது, பின்பாதி ஒருமையைக் கேட்கிறது, இரண்டு பெண்டாட்டிக்காரரின் தீபாவளிபோல யாருக்கு வாங்கினாலும் குற்றம். நடைக் கையேடுகள் காட்டும் வழி எளியது. ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் நாவல்ஸ்’ என்று முதலில் பன்மைக்கு உரியதைக் கொடுத்து முடித்துவிட்டு, ‘இஃப் நாட் தி பெஸ்ட்’ என்பதைக் கடைசியில் பெயர்ச்சொல் இல்லாமலே தொங்கவிட்டால் இரு தரப்பும் அமைதியடையும்.

அறிஞர்களுக்குள்ளேயே தீராத வழக்கு ஒன்றும் உண்டு. ‘இதுவரை எழுதப்பட்ட மிகச் சிறந்த நூல்களுள் ஒன்று’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் புக்ஸ் தட்’ என்று தொடங்கினால், ‘தட்’ என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின் ‘ஹேவ்’ என்ற பன்மை வினை வருமா, ‘ஹேஸ்’ என்ற ஒருமை வினை வருமா என்பதே அந்த வழக்கு. 1926 இல் ‘மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்’ என்ற அகராதியை எழுதிய எச். டபிள்யூ. ஃபவுலர், எழுதப்பட்டவை நூல்கள்தாமே, ஆகவே பன்மைதான் என்று கண்டிப்பாகத் தீர்ப்பு வழங்கினார். 1989 இல் வந்த மெரியம்-வெப்ஸ்டர் வழக்ககராதியோ, நல்ல எழுத்தாளர்கள் நெடுங்காலமாகவே இரண்டையும் எழுதி வருகிறார்கள் என்று சான்றுகளை அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஃபவுலரின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை, ஆனால் பேசுகிறவரின் மனம் அந்த ஒரு நூலின் மீதே நிலைத்திருக்கும்போது வினையும் அதன் பின்னால் ஒருமையில் போவது மனித இயல்பு. இதற்காக மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் சற்றுக் கருணை காட்டலாம்.

இருவருக்குள் ஒருவரைச் சிறப்பிக்க உச்சநிலை கூடாது, ‘பெட்டர்’ போன்ற ஒப்புநிலையே போதும் என்ற விதியையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜேன் ஆஸ்டின் 1815 இல் வெளியிட்ட ‘எம்மா’ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, இரண்டே பெண்கள் உள்ள வீட்டில் இளையவளை உச்சநிலைச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். அதனால் நாவலுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஷேக்ஸ்பியரோ ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆண்டனியின் உரையில் ஒரே பெயரடைக்கு இரண்டு உச்சநிலை அடையாளங்களைச் சேர்த்தே மாட்டிவிட்டார்.

நட்பின் துறையில் மட்டும் உச்சநிலை தன் மானத்தை முற்றிலும் இழந்துவிட்டது. ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்’ என்பது ஒருமை, ஆகவே ஒருவருக்கு ஒருவரே இருக்க முடியும் என்று இலக்கணம் சொல்கிறது. கல்லூரி மாணவர் ஒருவரின் கைப்பேசியிலோ அந்தப் பட்டம் பெற்றவர்கள் ஒரு கிரிக்கெட் அணிக்குப் போதுமான அளவில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது ‘ஒன் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ என்று எஸ் இல்லாமல் சொல்வதற்குக் காரணம், பக்கத்தில் நிற்பவரிடம் அவரைத் தவிர வேறு சிலரும் உண்டு என்பதை மறைக்கும் நல்லெண்ணமாகவும் இருக்கலாம்.

ஆனால் தேர்வுத்தாளைத் திருத்துபவர் நல்லெண்ணத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. ஆதலால் ‘ஒன் ஆஃப் தி’ என்று எழுதத் தொடங்கியவர்கள் வாக்கியம் எங்கே போனாலும் பெயர்ச்சொல்லுக்கு எஸ் போட்டுவிட்டு மறுவேலை பார்க்கவும். எஸ் போட மனமில்லாதவர்கள் ‘ஒன் ஆஃப்’ என்பதை அடித்துவிட்டு ‘தி பெஸ்ட்’ என்று துணிந்து எழுதலாம், அதற்கு எஸ் தேவையில்லை, ஆதாரம் மட்டும் தேவைப்படும்.